சம்பளத்தில் சேர்ந்த சாப்பாடு

"மத்தியானச் சாப்பாடு அந்த வீட்டிலா?" என்று ஜூசி கேட்டாள்.

பேரின்பநாயகம் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சினியோரா லா மந்தியா என்ற இத்தாலிய அம்மாவின் வீட்டில் அவர் ஐந்து வருடமாக வேலை செய்கிறார். ஒருநாள்கூட அங்கே ஒரு வாய் சாப்பிட்டதில்லை. கோப்பி தந்தால் வேண்டாம் என்பார். தண்ணீர் குடிப்பதென்றாலும் தன்னுடைய போத்தலில்தான். இவ்வளவையும் இத்தாலிய மொழியில் பிழையில்லாமல் சொல்ல அவருக்குத் தெரியும். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

ஜூசி பேனையைக் கீழே வைத்துவிட்டாள்.

பலெர்மோ ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த தொழிற்சங்க அலுவலகத்தில் வெளிநாட்டவரின் காகித வேலைகளைப் பார்ப்பவள் ஜூசி. மனைவியை அழைக்க வேண்டுமென்றால் என்னென்ன வேண்டும் என்பதை அன்று காலை முதல் மூன்று பேருக்குச் சொல்லிவிட்டாள். சட்டம் போன வருடம், தொண்ணூற்றெட்டில் வந்தது. இருக்க வீடு வேண்டும். அரசாங்கம் முதியவர்களுக்குக் கொடுக்கும் உதவித்தொகைக்குக் குறையாத வருட வருமானம் வேண்டும். அந்த வருமானம் சட்டப்படி பதிந்ததாக இருக்க வேண்டும்.

வீடு இருந்தது. ஒரேத்தோ தெருவில் இரண்டு அறை. கூட இருந்த விக்னராஜா, இவருடைய மனைவி சந்திரமதி வரும் நாளில் வேறு இடம் போவதாகச் சொல்லியிருந்தான். வருமானம்தான் இடித்தது. பின்னேரங்களில் வேலை செய்த எஞ்சினியர் வீட்டில் காசைக் கையில் கொடுப்பார்கள். பதிவு என்ற பேச்சை எடுத்தால் அடுத்த நாள் வரவேண்டாம் என்பார்கள். பதிவில் இருந்தது சினியோரா கொடுக்கும் சம்பளம் மட்டும். அது சட்டம் கேட்டதற்குக் கொஞ்சம் கீழே நின்றது. கொஞ்சம்தான், ஆனாலும் கீழே.

"வேலை செய்யும் வீட்டில் சாப்பாடு தந்தால், அதுவும் சம்பளம்தான்" என்றாள் ஜூசி. "அதற்கு ஒரு பெறுமதி போட்டுச் சம்பளத்தோடு சேர்த்து எழுதலாம். அதைச் சேர்த்தால் நீ மேலே போய்விடுவாய். ஆனால் நீதான் சாப்பிடுவதில்லையே."

"சாப்பிடுவதாக எழுதலாமா?"

"நான் எழுதுவதில்லை. உன் சினியோராதான் கையெழுத்து வைக்க வேண்டும். அவரிடம் கேள்."

வெளியே வந்தபோது வாசலில் விக்னராஜா நின்றான். அவனும் மனைவியை அழைக்க அலைகிறவன். பல் வைத்தியர் ஒருவரின் வீட்டில் வேலை. விசயத்தைக் கேட்டதும் சுவரில் சாய்ந்து சிரித்தான்.

"அண்ணை, ஊரெல்லாம் சம்பளம் காணாது எண்டு அழுகுது. உங்களுக்குத் தின்னாத குற்றம்."

"பகிடி விடாதை."

"பிரான்காச்சோப் பக்கம் ஒரு வேர்க்சொப்காரன் இருக்கிறானாம். காசு குடுத்தால் எங்களை வேலைக்கு வைச்சிருக்கிறன் எண்டு கடிதம் தருவானாம். கேட்டுப் பாப்பமோ?"

"உது பிடிபட்டால் என்ரை பெர்மெஸ்ஸோவும் போம். பிறகு அவள் வந்தும் என்ன, வராமலும் என்ன."

தொண்ணூறாம் ஆண்டில் கிடைத்த வதிவிட அனுமதி அது. ஒவ்வொரு முறையும் அதைப் புதுப்பிக்க அவர் விடியப்புறம் போய் வரிசையில் நிற்பார். அதை வைத்துச் சூதாட அவர் தயாராக இல்லை.

"அப்ப ஒரே வழிதான்" என்றான் விக்னராஜா. "வாயைத் திறவுங்கோ."

பேரின்பநாயகத்துக்கு அது அவ்வளவு சுலபமில்லை. வெள்ளிக்கிழமை விரதம், மாட்டிறைச்சி என்று வெளியில் காரணம் சொல்வார். உண்மைக் காரணம் வேறு. யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனில் அவருடைய தகப்பனுக்குப் புகையிலைத் தோட்டம் இருந்தது. தோட்டத்துக்குக் கூலிக்கு வருகிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு வீட்டில்தான். வீட்டில் என்றால் வீட்டுக்குள் இல்லை. கோடிப்புறத்தில், வேலிக்கரையில், அவர்களுக்கென்று வைத்த கோப்பைகளில். சாப்பிட்டு முடித்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். சின்ன வயதில் அவருக்கு அது ஒரு விசயமாகவே தெரிந்ததில்லை. பலெர்மோவில் முதல்நாள் துடைப்பானைக் கையில் எடுத்தபோதுதான் தெரிந்தது. வேலை செய்கிற வீட்டில் கை நனைப்பவன் யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். நிலம் துடைக்கலாம், கக்கூஸ் கழுவலாம். சாப்பிட்டால் அவரும் அந்த வேலிக்கரையில் இருந்தவர்களில் ஒருவர்.

சந்திரமதியும் அதே ஊர்ப் பக்கம்தான். இரண்டு வருடத்துக்கு முன் கொழும்பில் கலியாணம் நடந்தது. ஐந்து கிழமை சேர்ந்து இருந்தார்கள். இப்போது அவள் அங்கேயே, வெள்ளவத்தையில், தூரத்து உறவினர் வீட்டின் ஒரு பின்னறையில் இருக்கிறாள். பொலிஸ் பதிவுத் துண்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போகவேண்டும். இரவில் பொலிஸ் சோதனைக்கு வந்து கதவைத் தட்டினால் அந்த வீட்டுக்காரர் முதலில் அவளைத்தான் பார்ப்பார். இதையெல்லாம் அவள் முறைப்பாடாகச் சொல்வதில்லை. எப்போது கூப்பிடுவீர்கள் என்றும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் அவரை அரித்தது.

மறுநாள் சினியோராவிடம் கேட்டார். அவர் எழுபத்திரண்டு வயது விதவை. முப்பது வருடம் தபால் கந்தோரில் இருந்தவர். கழுத்தில் மூக்குக்கண்ணாடிச் சங்கிலி தொங்கும். பேரின்பநாயகம் என்ற பெயரை முதல் கிழமையே வெட்டிப் 'பெரினோ' ஆக்கியவர்.

"மத்தியானம் நீங்கள் எனக்குச் சாப்பாடு தருவதாக எழுதவேண்டும், சினியோரா."

"தருகிறேனா?"

"இல்லை."

"ஐந்து வருடமாகக் கேட்டேனா இல்லையா?"

"கேட்டீர்கள்."

"நத்தார்ப் பண்டிகைக்குக் கேட்டேன். என் பிறந்தநாளுக்குக் கேட்டேன். சந்த றொசாலியாவின் திருநாளுக்கு நத்தை சமைத்துவிட்டுக் கேட்டேன்."

பேரின்பநாயகத்துக்கு அந்த நத்தைகள் ஞாபகம் இருந்தன.

"நடக்காத விசயத்துக்கு நான் முத்திரை குத்தியதில்லை" என்றார் சினியோரா. "எழுதவேண்டும் என்றால் சாப்பிடு. ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து புதுக் காலாண்டு. சாப்பிட்டால் எழுதுவேன். சாப்பிடாவிட்டால் இல்லை."

ஏப்ரல் முதலாம் திகதி ஒரு மணிக்கு அவர் கையைக் கழுவிக்கொண்டு சமையலறைக்குப் போனார். தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த சின்ன முக்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார். இரண்டு தட்டுகளோடு கடந்துபோன சினியோரா திரும்பி வந்து எட்டிப் பார்த்தார்.

"அங்கே என்ன செய்கிறாய்?"

"சாப்பிட இருக்கிறேன்."

"அது பூனை சாப்பிடும் இடம். பூனையும் செத்துவிட்டது. இங்கே வா."

சாப்பாட்டறை மேசையில் இரண்டு பேருக்கு வைத்திருந்தது. அந்த மேசையை அவர் ஐந்து வருடமாகத் துடைத்திருக்கிறார். அதன் நாலு காலிலும் உள்ள பூவேலை அவருக்கு மனப்பாடம். ஆனால் அதன் முன்னால் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்து நிமிர்ந்தபோது எதிரே சுவரலமாரியின் நடுத்தட்டின் அடிப்பக்கம் தெரிந்தது. அங்கே ஒட்டடையும் தூசியும் ஒரு விரற்கடைக்குத் தொங்கின. நின்றுகொண்டு வேலை செய்பவன் கண்ணுக்குப் படாத இடம். அவருக்கு முகம் சுட்டது.

"சினியோரா, அதைத் துடைக்கிறேன்" என்று எழும்பினார்.

"இரு. ஐந்து வருடமாக நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுகிறேன். இன்றைக்கு நீயும் பார்."

பாஸ்தாவில் பிரொக்கொலி, வெங்காயம், பைன் விதை. நடுவில் உலர்திராட்சை. அவர் திராட்சைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தார். சினியோரா தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்துக்கொண்டே அதையும் பார்த்தார். உப்புக் காணாது. ஆனால் நல்ல பசி. முடித்ததும் பழக்கத்தில் இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு போனார். தன் தட்டைத் தனியாகக் கழுவிக் கவிழ்க்கப் பார்த்தார். பின்னால் வந்த சினியோரா அந்தத் தட்டை எடுத்து மற்றத் தட்டோடு அடுக்கி அலமாரிக்குள் வைத்தார். அவர் ஒன்றையும் யோசித்துச் செய்யவில்லை. தட்டு வைக்கிற இடம் அது, அவ்வளவுதான். பேரின்பநாயகம் சற்று நேரம் கையில் ஈரத்தோடு நின்றார்.

மறுநாள் பெரிய வெள்ளி. சினியோரா மத்தி மீன் போட்ட பாஸ்தா வைத்திருந்தார்.

"வெள்ளிக்கிழமையில் நான் மீன் சாப்பிடுவதில்லை."

"வெள்ளிக்கிழமையில் நானும் இறைச்சி சாப்பிடுவதில்லை. மீன் இறைச்சியா?"

"எங்களுக்கு இறைச்சிதான்."

"அப்படியானால் இன்று நீ சாப்பிடவில்லை. இன்று எழுதமாட்டேன்."

ஒரு வெள்ளி போனது. அடுத்த வெள்ளி, கேட்காமலே, அவித்து மசித்த போஞ்சிக்கொட்டைக் கூழ் மேசையில் இருந்தது. "இது ஏழைகளின் சாப்பாடு" என்று சினியோரா எச்சரித்தார். பேரின்பநாயகத்துக்கு அது பருப்புப் போலவே இருந்தது. மூன்று அகப்பை சாப்பிட்டார்.

வியாழக்கிழமைப் பின்னேரங்களில் வேலை இல்லை. சினியோரா வீட்டிலிருந்து நேரே தொலைபேசிக் கடைக்குப் போய் வெள்ளவத்தைக்கு எடுப்பார். சந்திரமதி முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான்.

"மத்தியானம் என்ன சாப்பிட்டனீங்கள்?"

"சோறும் கத்தரிக்காய்க் குழம்பும்."

"போன கிழமையும் கத்தரிக்காய்தானே?"

"இஞ்சை கத்தரிக்காய் மலிவு."

வயிற்றில் சினியோராவின் பாஸ்தா கனத்தது. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அடுத்த வியாழனுக்கும் அதையே சொல்லவேண்டும். கத்தரிக்காய், பருப்பு, கீரை என்று மாற்றி மாற்றிச் சொன்னார். வேலை செய்கிற வீட்டில் இருந்து சாப்பிடும் மனிதனைத்தான் கட்டினோமா என்று அவள் நினைத்துவிட்டால்? அவள் வந்த பிறகு சொல்லலாம். வந்தால்.

ஜூலையில் சினியோரா காலாண்டுக்கான சமூகக் காப்புறுதிக் கட்டணத்தைத் தபாற்கந்தோரில் தானே போய்க் கட்டினார். சாப்பாட்டையும் சேர்த்து எழுதிய சம்பளத்துக்கான பற்றுச்சீட்டை ஜூசி பார்த்தாள். தலையாட்டினாள். குவெஸ்தூராவுக்கு, அதாவது பொலிஸ் தலைமையகத்தின் வெளிநாட்டவர் பிரிவுக்கு, விண்ணப்பம் போனது.

இதற்கிடையில் விக்னராஜா சும்மா இருக்கவில்லை. சாப்பாடும் சம்பளம் என்ற செய்தியை ஒரேத்தோவிலிருந்து கோயில் வாசல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தான். சினியோராக்கள் பலர் கேட்டவுடனே எழுதிக் கொடுத்தார்கள். பல் வைத்தியரின் மனைவியும் எதை வாசிக்கிறோம் என்று பாராமலே கையெழுத்து வைத்தாள். விக்னராஜா வழமைபோல மத்தியானம் வீட்டுக்கு வந்து கருவாட்டுக் குழம்போடு சாப்பிட்டான்.

"அண்ணை, நீங்கள் ஏன் அந்தக் கிழவியோடை கிடந்து மாயிறியள்? கையெழுத்துத்தானே?"

"அவ அப்பிடி வைக்கமாட்டா."

"சரி, நீங்கள் உழைச்சுத் தின்னுங்கோ. நான் தின்னாமல் உழைக்கிறன்."

செப்ரெம்பரில் இருவரையும் ஒரே நாளில் கூப்பிட்டார்கள். அன்று சிறொக்கோ என்ற அனல் காற்று. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கடதாசிகளால் விசிறிக்கொண்டு நின்றார்கள். முறை வந்தபோது அதிகாரி பேரின்பநாயகத்தின் கோவையைத் திறந்தார். சாப்பாடு என்ற சொல்லில் விரலை வைத்தார். பின்னால் இருந்த மற்றக் கோவைகளையும் விரலால் தட்டினார்.

"ஒன்பது வருடமாக உங்கள் ஆட்களின் கோவைகளைப் பார்க்கிறேன். ஒருவனும் சாப்பிட்டதில்லை. உங்கள் எல்லாருக்கும் இந்த வருடம்தான் பசி வந்ததா?"

பேரின்பநாயகம் அந்தக் கோவைகளைப் பார்த்தார். மற்றவர்களின் பொய்யோடு தன்னுடைய உண்மையும் ஒரே அடுக்கில் கிடந்தது. இந்த மனிதர் கோவையை மூடி மறுபக்கம் வைத்தால், வெள்ளவத்தைப் பின்னறையில் இன்னும் ஒரு வருடம். இரண்டாகவும் இருக்கலாம்.

"நான் சாப்பிடுகிறேன்" என்றார். "சினியோராவைக் கேளுங்கள்."

அதிகாரி தொலைபேசியை இழுத்து எண்ணைச் சுழற்றினார். யாரென்று சொன்னார். கேள்வியைக் கேட்டார். அதன்பிறகு அவருக்குப் பேச இடம் கிடைக்கவில்லை. றிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். சினியோராவின் குரல் வரிசையின் பாதிவரைக்கும் கேட்டது.

"சாப்பிடுகிறானா என்றா கேட்கிறீர்கள்? வெள்ளிக்கிழமையில் மீன் வேண்டாமாம். மாடு வேண்டாமாம். நான் போடுகிற உப்புக் காணாதாம். வாயால் சொல்லமாட்டான், உப்புப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருப்பான். பிரொக்கொலி பாஸ்தாவில் திராட்சையெல்லாவற்றையும் பொறுக்கித் தட்டில் அணிவகுத்து வைக்கிறான்! ஏப்ரலில் ஒரு வெள்ளி சாப்பிடவில்லை, அதை நான் எழுதவுமில்லை. அந்தக் காகிதத்தைச் சரியாகப் பாருங்கள். உங்கள் பெயர் என்ன?"

அதிகாரி பெயரைச் சொன்னார். நன்றி சொல்லி வைத்துவிட்டார். காகிதத்தை இன்னொருமுறை பார்த்தார். ஒரு நாள் குறைவாகத்தான் இருந்தது.

"திராட்சையை ஏன் எடுக்கிறாய்?" என்று கேட்டார். இந்தமுறை குரல் வேறாக இருந்தது.

"அதை நாங்கள் பாயாசத்தில் போடுவோம். இனிப்புக்கு."

"பைன் விதை?"

"அது நல்லது."

"திராட்சை இல்லாவிட்டால் அது பலெர்மோ பாஸ்தாவே இல்லை" என்று சொல்லிக்கொண்டு அதிகாரி முத்திரையை எடுத்தார்.

அடுத்தது விக்னராஜா. அதிகாரிக்குத் தொலைபேசி இப்போது கைக்குப் பழகிவிட்டது. பல் வைத்தியரின் மனைவி மறுமுனையில், சாப்பாடா, எங்கள் வீட்டிலா, அந்தப் பையன் பன்னிரண்டரைக்கே ஓடிவிடுவானே என்று நல்ல மனதோடு சொன்னாள். அதிகாரி கோபப்படவில்லை. கோவையைத் திருப்பிக் கொடுத்து, சாப்பிட்டுவிட்டு அடுத்த வருடம் வா என்றார்.

வெளிப்படியில் விக்னராஜா கோவையை மடியில் வைத்துக்கொண்டு குந்திவிட்டான். பேரின்பநாயகம் அவன் தோளில் கை வைத்தார்.

"அவையள் என்னடா சமைக்கிறவை?"

"குதிரை இறைச்சி, அண்ணை" என்றான் அழாக்குறையாக. "கிழமையிலை இரண்டு நாள். பிள்ளையளுக்குச் சத்தாம்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். பேருந்தில் ஏறும்வரை அது அடங்கவில்லை.

அன்று வியாழன் இல்லை. ஆனாலும் அவர் தொலைபேசிக் கடைக்குப் போனார். வழமையில்லாத நாளில் மணி அடித்ததால் சந்திரமதியின் குரல் பயந்திருந்தது.

"என்ன, ஏதும் நடந்ததோ?"

"கிடைச்சிட்டுது, சந்திரா. அனுமதி குடுத்திட்டாங்கள். இனி நீர் அங்கை எம்பஸிக்குப் போகவேண்டியதுதான்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"சம்பளம் காணாது எண்டல்லோ சொன்னனீங்கள். எப்பிடி?"

சொல்லத்தான் வேண்டும். அவர் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினார்.

"நான் உமக்குப் பொய் சொன்னனான். கத்தரிக்காய்க் குழம்பு எண்டதெல்லாம் பொய். ஏப்ரலிலையிருந்து மத்தியானம் சினியோரா வீட்டிலைதான் சாப்பிடுறன். சாப்பிட்டால்தான் அது சம்பளத்திலை சேருமாம். வேறை வழி தெரியேல்லை."

"வேலை செய்யிற வீட்டிலையோ?"

"ஓம்."

"எங்கை இருத்திச் சாப்பாடு தாறவ?"

அவளும் அந்தக் கோடிப்புறங்களைக் கண்டு வளர்ந்தவள். கேள்வியின் கனம் அவருக்குத் தெரிந்தது.

"மேசையிலை. தனக்கு முன்னாலை."

"அவவும் உங்களோடையோ?"

"ஓம். டிவி பாத்துக்கொண்டு."

கொழும்பில் ஒரு பேருந்து கோர்ண் அடித்துக்கொண்டு போனது.

"ருசியோ?" என்று சந்திரமதி கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கும். உப்புத்தான் காணாது."

"அப்ப நீங்கள் அவவுக்கு ஒருநாளாவது சமைச்சுக் குடுத்தனீங்களோ?"

"இல்லை."

"ஆறு மாதமாய் ஒரு மனிசி வைச்சு வைச்சுத் தந்திருக்கு. இருந்து சாப்பிட்டிட்டு வெறுங்கையோடை எழும்பி வந்திருக்கிறியள். என்ன சனம் எண்டு எங்களை நினைப்பா? வெக்கமாய் இல்லையோ உங்களுக்கு?"

பேரின்பநாயகம் ஆறு மாதமாக ஒரு வெட்கத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். அவள் சொன்னது அந்த வெட்கம் இல்லை. கூண்டுக்குள் தனியாக நின்று சிரித்தார்.

"என்ன சிரிக்கிறியள்?"

"ஒண்டுமில்லை. நீர் கெதியாய் வாரும்."

விசா எடுக்க இன்னும் இரண்டு மாதம் போனது. பயணத்திகதி வந்த அன்று சாப்பாட்டு மேசையில் அதைச் சொன்னார். சினியோரா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். சுவரலமாரித் தட்டின் அடிப்பக்கம் இப்போது பளிச்சென்று இருந்தது. ஒவ்வொரு திங்களும் பேரின்பநாயகம் முதலில் துடைப்பது அதைத்தான்.

"வந்ததும் இங்கே கூட்டிக்கொண்டு வா" என்றார் சினியோரா. "ஒன்றை இப்பவே சொல்லிவிடு. அவளாவது சாப்பிடுவாளா? இன்னும் ஐந்து வருடம் கெஞ்ச எனக்கு வயதில்லை."

"சாப்பிடுவாள். ஆனால் முதலில் தான்தான் சமைக்க வேண்டுமாம். உங்களுக்கு."

"எனக்கா? என்ன சமைப்பாள்?"

"கத்தரிக்காய்."

சினியோரா முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கத்தரிக்காய் விசயத்தில் அவருக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

"பொரிப்பாளா?"

"பொரித்துத்தான் குழம்பு வைப்பாள்."

"உப்பில் ஊறவைத்துப் பிழிந்த பிறகா?"

"அதை நீங்கள் அவளிடம்தான் கேட்கவேண்டும்."

"கேட்பேன்" என்றார் சினியோரா. "ஒரு மணிக்கு வரச்சொல். பிந்தினால் நான் தொடங்கிவிடுவேன்."

பேரின்பநாயகம் தலையாட்டினார். தட்டின் ஓரத்தில் ஒதுக்கியிருந்த திராட்சைகளில் ஒன்றை முள்ளில் குத்தி வாயில் போட்டுப் பார்த்தார். சினியோரா அதைக் கண்டும் காணாததுபோலத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.